ஆடு வேலியைப் பிடுங்காது

"அக்கா, ஆடு மேஞ்சிடுச்சுன்னு எழுதியிருக்கீங்களே, ஆடு வேலிய புடுங்கி ஏரிக்குள்ள வீசிட்டா மேயும்?"

2023 மார்ச் மாதம், பென்னாகரம் வட்டத்தில் உள்ள எங்கள் காலனியின் அம்பேத்கர் படிப்பகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டாள் பிளஸ் டூ படிக்கும் தங்கை ஒருத்தி. காலநிலை மாற்றத்துக்காக இளைஞர்கள் நடத்தும் வேலைகளுக்கென்று தரப்பட்ட ஒரு சிறு மானியத்தின் இறுதி அறிக்கையை நான் அப்போது எல்லோருக்கும் தமிழில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன, பிழைக்காதவற்றுக்கு என்ன காரணம் என்று ஒரு கட்டம். அதில் நான் எழுதியிருந்தேன்: "கால்நடை மேய்ச்சல்."

யாரும் சிரிக்கவில்லை. பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அறிக்கையை அன்றிரவே அனுப்பியும் விட்டேன். கடைசித் தவணைப் பணம் அந்த அறிக்கை போனால்தான் வரும்.

தோழர்களே, கடந்த சில மாதங்களாக உங்களில் பலர் என்னை அழைத்து ஒரே உதவியைக் கேட்கிறீர்கள். "அக்கா, இளைஞர் குழுக்களுக்குக் காலநிலை நிதி தர்றாங்களாம், படிவத்தை எப்படி நிரப்புறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, நான் நிரப்பிய ஒரு படிவத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதில் என் தவறும் இருக்கிறது. சமூகவியலில் முதுகலை படித்து, பத்தாண்டுகளுக்கு மேலாகச் சமூகப் பணியில் இருக்கும் ஒருத்தி செய்த தவறு என்பதால் நீங்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

2022 கோடையில் எங்கள் படிப்பகத்தில் பதினோரு பேர் கூடினார்கள். கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர், பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் மூன்று பேர், பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர். காலநிலை மாற்றம் என்றால் என்ன என்று நான் வகுப்பெடுக்கத் தயாராகப் போயிருந்தேன். பனிப்பாறை, கடல்மட்டம், கார்பன் என்று குறிப்பெல்லாம் கையில் இருந்தது. ஒரு தம்பி எழுந்து சொன்னான்: "அக்கா, அதெல்லாம் இருக்கட்டும். எங்க வீட்டு சீட்டுக்குக் கீழ ஒரு நாள் மத்தியானம் வந்து உக்காருங்க."

மறுநாள் போய் உட்கார்ந்தேன். எங்கள் காலனியில் பாதி வீடுகள் பழைய தொகுப்பு வீடுகள். கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரியும். மீதி வீடுகளுக்கு சிமெண்ட் சீட்டு அல்லது தகர சீட்டு. ஒரே அறை, ஒரே ஜன்னல். மதியம் இரண்டு மணிக்குத் தகரத்தின் கீழ் மூச்சு முட்டியது. காற்றாடி அனல் காற்றைத்தான் சுற்றிவிட்டது. அந்த வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி நனைத்த புடவையைத் தரையில் விரித்துப் படுத்திருந்தாள். வெளியே மரத்தடியில் படுக்கலாம்தான். ஆனால் எங்கள் காலனிக்குள் மரம் வைக்க இடமில்லை. இரண்டு சென்ட், மூன்று சென்ட் பட்டா. சுவரை ஒட்டிச் சுவர். மரங்கள் எல்லாம் ஊருக்குள்ளும் ஏரிக்கரையிலும் தோட்டங்களிலும் இருக்கின்றன.

பிள்ளைகள் கேட்டது இரண்டே இரண்டு. ஒன்று, கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. இன்னொன்று, ஒகேனக்கல் தண்ணீர் வராத நாள்களுக்கு ஒரு மழைநீர்த் தொட்டி.

இரண்டாவது கோரிக்கைக்குக் காரணம் தருமபுரிக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். நம் மாவட்டத்தின் பாறைக்கு அடியில் உள்ள தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை, முட்டியில் வலி. ஜப்பான் நிறுவனக் கடனில் கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியதே இதற்காகத்தான். ஆனால் குழாய் உடைந்தாலும், மின்சாரம் போனாலும், வரிசையின் கடைசியில் இருக்கும் காலனிக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும். அப்போது பழைய போர் தண்ணீர்தான் கதி. மழை பொய்க்கப் பொய்க்கப் போரை இன்னும் ஆழமாக இறக்குகிறோம். கருங்கல் பூமியில் ஆழம் போகப் போக ஃபுளோரைடும் கூடத்தான் செய்கிறது. காலநிலை மாற்றம் தருமபுரியில் பிள்ளைகளின் பல்லில் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கூரை என்றதும் எனக்கு வேறொரு நினைவும் வந்தது. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகள் கொளுத்தப்பட்டபோது நான் மாணவி. 250க்கும் மேற்பட்ட வீடுகள். சில நாள் கழித்து மாணவர் குழுவோடு போனேன். பெங்களூருவில் சித்தாள் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் போட்ட கான்கிரீட் கூரைகள் கறுத்து வெடித்திருந்தன. நல்ல கூரை போட்டதுதான் சிலரின் கண்ணை உறுத்தியது என்று அங்கிருந்த ஒரு பாட்டி சொன்னார். எங்கள் மக்களுக்குக் கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் மட்டுமான விஷயம் அல்ல. பிள்ளைகள் கூரையைக் கேட்டபோது அது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும்தான் அடுத்ததைச் செய்தேன்.

மானியம் தரும் அமைப்பின் பெயர் வேண்டாம். நல்ல நோக்கம் உள்ளவர்கள்தான். தொகை ஒரு லட்சத்து இருபதாயிரம். படிவம் ஆங்கிலத்தில். பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை வேண்டும், அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். எங்கள் பதினோரு பேரிடம் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகமும் படிப்பகத்தின் சாவியும். ஆகவே, எனக்குத் தெரிந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பித்தோம். அவர்கள் நிர்வாகச் செலவுக்குப் பத்து சதவீதம் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

படிவத்தை நிரப்பியது நான். முதல் வரைவில் "காலனி" என்று எழுதினேன். அந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் படித்துவிட்டு, "மேடம், இதைக் கொஞ்சம் பொதுவா எழுதலாமே, சாதி சாதின்னு வந்தா தேர்வுக் குழுவுக்குச் சங்கடமா இருக்கும்" என்றார். நான் வாதாடவில்லை. காலனி "கிராமம்" ஆயிற்று. தலித் இளைஞர்கள் "கிராமப்புற இளைஞர்கள்" ஆனார்கள். கூரைக்குச் சுண்ணாம்பு என்பது வீட்டுக்கு வீடு தரும் உதவி போலத் தெரிகிறது, பொதுப் பயன் உள்ளதாக இருக்க வேண்டும் என்றார்கள். கூரை போயிற்று. தொட்டியும் போயிற்று. ஏரிக்கரையில் 300 மரக்கன்றுகள் வந்து சேர்ந்தன. படமெடுத்தால் நன்றாக இருக்கும்.

மானியம் கிடைத்தது. பிள்ளைகளிடம், "முதல்ல இதைச் செய்வோம், அடுத்த சுற்றுல கூரைக்குக் கேப்போம்" என்றேன். அவர்கள் நம்பினார்கள்.

ஊராட்சித் தலைவரைப் பார்த்துக் கேட்டோம். "நல்ல காரியம்தானே, வைங்க" என்றார். எழுதித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் புங்கன், வேம்பு, நாவல், புளி என்று 300 கன்று நட்டோம். சுற்றிலும் முள்வேலி கட்டினோம். எங்கள் பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். திறப்பு நாளில் அதிகாரிகள் வந்தார்கள், பதாகை கட்டினோம், படம் எடுத்தோம்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது, கரை நெடுகக் குழிகள்தான் இருந்தன. வேலி ஏரிக்குள் மிதந்தது. கன்றுகள் வேரோடு பிடுங்கப்பட்டு ஒரே இடத்தில் குவிக்கப்பட்டிருந்தன. ஆத்திரத்தில் செய்தது போல இல்லை. ஒழுங்காகச் செய்து முடித்த வேலை போல இருந்தது.

யார் செய்தார்கள் என்று ஊருக்கே தெரியும். ஏன் என்பதும் டீக்கடையில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. "இன்னிக்கு மரம் வைப்பானுங்க, நாளைக்குப் புளி உலுக்க வருவானுங்க, அதுக்கு அடுத்து மீன் குத்தகை கேப்பானுங்க." புறம்போக்கில் உள்ள புளியமரங்களை ஊராட்சி ஏலம் விடுகிறது. ஏரி மீனும் குத்தகைக்குப் போகிறது. அந்த ஏலத்தில் எங்கள் ஆள்கள் இதுவரை யாரும் கை தூக்கியதில்லை.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தக் கன்றுகளைப் பிடுங்கியவர்கள் எங்கள் திட்டத்தை என்னைவிடச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். ஏரிக்கரையில் ஒரு மரம் வைப்பது அந்த ஏரியில் உரிமை கேட்பதுதான். 1927இல் அண்ணல் மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தபோது அது தாகத்துக்காக அல்ல என்று அன்றைய சாதி இந்துக்களுக்கும் தெரிந்திருந்தது. நானோ அதைப் "பசுமைப் பரப்பை அதிகரித்தல்" என்று எழுதி வைத்திருந்தேன்.

அன்று மாலை படிப்பகத்தில் கூடினோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பொதுச் சொத்துகளையும் ஏரி, குளம், கிணறு போன்ற நீர்நிலைகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பட்டியல் சாதி மக்கள் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. புகார் கொடுப்போம் என்றேன். பெங்களூருவில் இருந்து வந்திருந்த தம்பி மெதுவாகச் சொன்னான்: "குடுத்துட்டு நாங்க பஸ் ஏறிடுவோம்க்கா. எங்க அம்மா காலையில எழுந்து அவங்க நெலத்துலதான் களை எடுக்கப் போவணும்."

நிலம் இல்லாதவர்களின் மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. புகார் வேண்டாம் என்று முடிவு செய்தது அவர்கள். அதை மதித்தேன். ஆனால் "கால்நடை மேய்ச்சல்" என்று எழுதியது நான் மட்டும். அதை யாரிடமும் கேட்காமல் எழுதினேன். பிறகுதான் அந்தத் தங்கை ஆட்டைப் பற்றிக் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு பல நாள் எனக்குத் தூக்கமில்லை. நானே ஒரு ஆராய்ச்சி மாணவியாக இருந்தால் அந்த அறிக்கையை என்ன செய்திருப்பேன்? தருமபுரியில் மரக்கன்றுகள் சாவதற்கு முதல் காரணம் ஆடு என்று அட்டவணை போட்டிருப்பேன். ஆட்டுக்குத் தீர்வாக இரும்பு வலை பரிந்துரைத்திருப்பேன். இப்படி எத்தனை அறிக்கைகளில் எத்தனை ஆடுகள் மேய்கின்றனவோ!

அதன் பிறகுதான் இந்தச் சிறு மானியங்கள் எங்கிருந்து வருகின்றன, எங்கே நின்றுபோகின்றன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சிறு மானியம் என்ற எண்ணமே நல்ல எண்ணம்தான். 1992இல், ரியோ புவி மாநாடு நடந்த அதே ஆண்டில், உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் தொடங்கப்பட்டது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் அதை நடத்துகிறது. பெரிய பணம் அரசுகளுக்குப் போகிறது, கொஞ்சமாவது நேரடியாக மக்கள் அமைப்புகளுக்குப் போகட்டும் என்பதுதான் அதன் அடிப்படை. 50,000 டாலர் வரை என்று வரம்பு வைத்தார்கள். நம்மைப் போன்ற ஒரு படிப்பகத்துக்கு அதுவே மலை.

அண்மையில் இளைஞர்களுக்கென்றே நிதிகள் வருகின்றன. ப்ளூம்பெர்க் அறக்கட்டளை 2024இல் தொடங்கிய இளைஞர் காலநிலை நிதியில், உலகின் 100 நகரங்களுக்குத் தலா 50,000 டாலர் தரப்பட்டது. நகர நிர்வாகம் அதைப் பிரித்து 15 முதல் 24 வயது வரையுள்ள இளைஞர்களின் திட்டங்களுக்குத் தர வேண்டும். வரவேற்கலாம். ஆனால் மேயர் இருக்கும் ஊருக்குத்தான் அந்தப் பணம். வெயிலில் களை எடுக்கும் பெண் இருக்கும் ஊருக்கு மேயர் கிடையாது.

இந்தியாவுக்குள் வந்தால் வழி இன்னும் குறுகுகிறது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை ஒரு பெரிய தொண்டு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை, அதே பதிவு உள்ள சிறிய அமைப்புக்குப் பிரித்துத் தர முடிந்தது. திருத்தம் அதை அடியோடு தடை செய்தது. நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. சிற்றூர்களில் வேலை செய்யும் சிறு அமைப்புகளுக்குப் பணம் வந்துகொண்டிருந்த வாய்க்கால் இப்படி அடைபட்டது.

சரி, உள்நாட்டு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அதற்கான பட்டியலில் உண்டு. ஆனால் 2021 முதல், அந்த நிதியில் வேலை செய்யும் அமைப்பு அரசிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் கீழ் பெற்ற சான்றுகள் வேண்டும். மூன்றாண்டு அனுபவம் வேண்டும். ஒரு காலனி இளைஞர் குழு இதையெல்லாம் சேர்த்து முடிப்பதற்குள் அந்த இளைஞர்களுக்கு நாற்பது வயதாகிவிடும்.

அரசு மானியத்தைப் பாருங்கள். சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம். வறட்சியைச் சமாளிக்க அருமையான திட்டம். ஆனால் சிட்டா வேண்டும். நிலம் இருந்தால்தான் சிட்டா. 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் யார் கைக்குப் போயின என்பதை இந்த வலைப்பூவில் பலமுறை பேசியிருக்கிறோம். 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். காலநிலை மானியங்கள் நிலத்தின் வழியாக வந்தால், இவர்களில் பெரும்பாலோர் வாசலுக்கு அவை எப்படி வரும்?

இங்கே யாருடைய கெட்ட எண்ணத்தையும் நான் குறை சொல்லவில்லை. பதிவுச் சான்று, தணிக்கை அறிக்கை, தடையின்மைக் கடிதம், நிலப் பட்டா. ஒவ்வொரு நிபந்தனையும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அது ஊரிலிருந்து காலனிக்குப் பிரியும் அதே பழைய எல்லைக்கோடு.

2024 ஏப்ரல். அந்த மாதக் கடைசியில் தருமபுரியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, அண்ணல் பிறந்தநாளுக்குப் பணம் வசூலித்துக்கொண்டிருந்தோம். பெங்களூருவிலும் திருப்பூரிலும் இருந்த தம்பிகள் ஐந்நூறும் ஆயிரமுமாக அனுப்பினார்கள். வழக்கமாக அதில் பாதி பிளக்ஸ் பேனருக்குப் போகும். அன்றைக்கு ஆட்டைப் பற்றிக் கேட்ட அதே தங்கை, இப்போது கல்லூரி முதலாண்டு, எழுந்து சொன்னாள்: "இந்த வருசம் பேனர் ஒண்ணு போதும். மீதியில சுண்ணாம்பு வாங்கலாம்."

பெரிய சண்டையே நடந்தது. பேனர் என்பது வெறும் பேனர் அல்ல என்று இளைஞர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊர்ச் சாலையில் அண்ணலின் படத்தை வைப்பதும் உரிமைதான். கடைசியில் சாலைக்கு ஒரு பெரிய பேனர், மீதிப் பணத்தில் சுண்ணாம்பு என்று முடிவானது.

கல் சுண்ணாம்பை முதல்நாள் இரவே தொட்டியில் ஊறவைத்தோம். காலையில் துணியில் வடிகட்டி, உப்பும் கொஞ்சம் ஃபெவிகாலும் கலந்தோம். தொகுப்பு வீட்டுக் கூரைகளைப் பெருக்கிக் கழுவி இரண்டு பூச்சு. சிமெண்ட் சீட்டு மேல் ஏறி மிதித்தால் உடைந்துவிடும். ஆகவே ஏணி வைத்து, குறுக்கே பலகை போட்டு, நீளக் குச்சியில் கட்டிய துடைப்பத்தால் அடித்தோம். பழைய சிமெண்ட் சீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். அதனால் உலர்ந்த சீட்டைத் தேய்க்கக்கூடாது, நனைத்துவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கட்டட வேலை தெரிந்த தம்பிகள்தான் அன்றைக்கு எங்களுக்கு ஆசிரியர்கள். ஏப்ரல் 14 காலைக்குள் 46 வீடுகள் முடிந்தன.

மழை வந்தால் சுண்ணாம்பு கரையும். ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். இது நிரந்தரத் தீர்வு அல்ல, நல்ல வீடுதான் தீர்வு என்பதும் தெரியும். ஆனால் வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கறுத்த கூரை உறிஞ்சிக்கொள்ளும் என்று புத்தகத்தில் படித்ததைப் பிள்ளைகள் வீட்டுக்குள் உணர்ந்தார்கள். சுண்ணாம்பு அடித்த வீட்டிலும் அடிக்காத வீட்டிலும் ஒவ்வொரு வெப்பமானி மாட்டி, தினமும் மதியம் இரண்டு மணிக்கு நோட்டில் எழுதினார்கள். பெரும்பாலான நாள்களில் மூன்று டிகிரிக்குக் குறையாத வித்தியாசம். அன்று நனைத்த புடவையில் படுத்திருந்த அக்காவின் குழந்தை இப்போது அந்த வீட்டுத் தரையில் மதியம் தூங்குகிறது.

அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் நான் தள்ளிப்போட்டு வந்த வேலையைச் செய்தேன். மானியம் தந்த அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பும் முன் படிப்பகத்தில் படித்துக் காட்டினேன். இந்த முறை எல்லோரிடமும் சம்மதம் கேட்டேன். யார் பெயரும் வராமல், நடந்ததை மட்டும் எழுதினோம். "இறுதி அறிக்கையில் கன்றுகள் பிழைக்காததற்குக் கால்நடை மேய்ச்சல் காரணம் என்று குறிப்பிட்டது தவறு. பட்டியல் சாதி இளைஞர்கள் ஏரிக்கரையில் நட்டதால் அவை பிடுங்கப்பட்டன."

இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு அங்கிருந்து ஒரு பெண் அழைத்தார். இளம் குரல். "இதை ஏன் அப்பவே எங்ககிட்ட சொல்லல?" என்றார். "உங்க படிவத்துல அதுக்கு ஒரு கட்டம் இல்லீங்க" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த சுற்றுப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கப் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். எங்களுக்கு அடுத்த மானியம் வரவில்லை. கேள்வி சேர்ந்ததா என்று அடுத்த படிவம் வரும்போது பார்ப்பேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மானியத்துக்கு விண்ணப்பியுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது யாரோ போடும் பிச்சை இல்லை. காற்றைக் கெடுத்ததில் நம் பங்கு மிகக் குறைவு. அதன் வெயிலைச் சுமப்பதில் நம் பங்கு அதிகம். அந்தப் பணம் நமக்கு வர வேண்டிய பணம். ஆனால் சிலவற்றை மனதில் வையுங்கள்.

முதலில் உங்கள் தேவையைத் தமிழில், உங்கள் பேச்சில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு படிவத்தைத் திறங்கள். படிவத்துக்காக அந்தத் தாளில் எதை மாற்றுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். காலனியைக் காலனி என்றே எழுதுங்கள். நீங்கள் மறைத்தால், பணம் வந்த பிறகு அந்த மறைப்பின்படிதான் செலவு செய்ய வேண்டியிருக்கும்.

ஏழு பேர் இருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். இன்றைக்கே செய்யுங்கள். அடுத்தவர் பெயரில் கேட்டால் அடுத்தவர் சொல்படிதான் நடக்கும். டீச் செலவுக்கும் ரசீது வையுங்கள். நம்மிடம் கணக்கு கேட்கும்போது குரல் கொஞ்சம் கூடுதலாகவே உயரும்.

பொது இடத்தில் எதைச் செய்தாலும் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அங்கே தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். வாய்வழி அனுமதியை நம்பி நாங்கள் 300 கன்றை இழந்தோம்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு இளைஞரும் நியமிக்கப்பட்டார். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அரசு அறிவித்தது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான நிதியை ஒதுக்கவும் செலவிடவும் 2024இல் தனிச் சட்டமும் வந்தது. இந்த இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்: வெப்பம் பேரிடர் என்றால், காலனிக் கூரைகளுக்கு அந்த நிதியில் எவ்வளவு? மனுவாகக் கொடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நாங்கள் வெப்பமானி நோட்டின் நகலோடு மனு கொடுத்திருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு படிப்பகச் சுவரில் இருக்கிறது.

ஏரிக்கரை இப்போதும் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 300 கன்றில் ஒன்று பிழைத்தது. பிடுங்கிக் குவித்த அன்று, அந்தப் பெங்களூரு தம்பியின் அம்மா ஒரு புங்கன் கன்றை எடுத்துப் போய்த் தன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடைவெளியில் நட்டிருக்கிறார். எங்களிடம் சொல்லவே இல்லை. கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏணி வைத்தபோதுதான் பார்த்தோம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. பக்கத்திலேயே ஆடு ஒன்று கட்டியிருந்தது.

"இந்த ஆடு மேயலையாம்மா?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு இருக்குது" என்றார்.

ஜெய்பீம்.